நோயாளி அசைந்தார்

அடடா, உங்க சட்டை மேல சிந்திருச்சுங்களா? மன்னிச்சுக்கோங்க. இந்தாங்க துண்டு, தொடச்சுக்கோங்க. தண்ணிதானுங்க, கறை ஆகாது. மனுசன் எப்படா பாட்டில் மூடியத் தொறப்பான்னு பாத்துட்டே இருந்து இந்த டிரைவர் வண்டிய ஒதறிப்போட்டான் பாருங்க. என்னங்க? வண்டி இன்னும் கெளம்பவே இல்லீங்களா? கெளம்பலீன்னா என்னங்க, எஞ்சின் ஓடுதில்ல. பழைய வண்டி, நிக்கறப்பவே ஆடும். இது காந்திபுரத்த விட்டு நகர்றதுக்குள்ள நம்ம எலும்பெல்லாம் கழண்டுரும்.

நான் அன்னூர்ல எறங்கிக்குவேனுங்க. நீங்க புளியம்பட்டிங்களா? அப்பச் சரி. ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். நான் பேசறது தொந்தரவுன்னா சொல்லிப்போடுங்க, வாய மூடிக்கறேன். வீட்டுல பேச ஆளில்லீங்க. அதனால பஸ்ஸுல யாராச்சும் பக்கத்துல உக்காந்தா வாய் தானாத் தொறந்துக்குது.

என் பேரு தெய்வசிகாமணிங்க. இங்க ஒரு டிரஸ்ட்டுக்காரங்க செயற்கைக் கால் செஞ்சு குடுக்கற மையம் நடத்தறாங்க, அங்கதான் வேலை. அங்க ஜெனிட்டான்னு ஒரு பொண்ணுங்க. போத்தனூர்க்காரப் பொண்ணு, கம்ப்யூட்டர்ல காலுக்கு வடிவம் போடறது அதுதான். கெட்டிக்காரி, மரியாதை தெரிஞ்ச பொண்ணு, நான் கொறை சொல்லலீங்க. ஆனா இன்னிக்கு மத்தியானம் என்னைய எதுத்தாப்ல உக்கார வெச்சு, “அங்கிள், உங்க கைதான் ஆடியிருக்குது”ன்னு சொல்லிப்போடுச்சுங்க. என்ற கை! இருவத்திரெண்டு வருசம் அளவெடுத்த கை. அந்தப் பொண்ணுக்கு வயசே இருவத்தஞ்சு இருந்தா அதிகம்.

நான் எதுக்குப் போனேன், அது எதச் சொல்லுச்சு பாருங்க. நான் போனது என்ற சம்சாரம் அசையறதப் பாக்கறதுக்குங்க. அவ செத்துப்போயிட்டாளுங்க. இந்த வைகாசில. துளசிமணின்னு பேரு.

வீட்டுல போட்டோ நாலஞ்சு இருக்குதுங்க. கல்யாணத்துல எடுத்தது, எங்க பொண்ணு பெரியவளான சீருக்கு எடுத்தது, ரேசன் கார்டுக்கு எடுத்தது. எல்லாத்துலயும் அடிச்சு வெச்ச மாதிரி நிக்கறா. போன்ல வீடியோ எடுக்கலாம்னா முந்தானைய மூஞ்சிக்குப் போட்டுட்டு சமையக்கட்டுக்குள்ள ஓடிருவா. அவ அசைஞ்சது இந்த ஒலகத்துல ஒரே ஒரு எடத்துலதான் பதிவாயிருக்குது. மையத்துக் கம்ப்யூட்டர்ல, அவ கால நான் அளவெடுத்த பைலுல. நாலு நிமிசம். அதுல அவ அசைஞ்சா. அவளே அவ வாயால சொன்னா, “ஆமாங்க, நான்தான் அசைஞ்சுட்டேன்”னு. அந்த அசைவ மட்டும் தனியா எடுத்து எனக்கொருக்காக் காட்டு அம்மிணின்னு கேட்டுத்தானுங்க போனேன். வேறெதுவும் கேக்கல.

காலு அசையறதப் பாத்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேக்கறீங்களா? நீங்க பொண்டாட்டியப் பறிகுடுத்தவரில்லீங்க. கும்புட்டுக்கறேன், அது உங்களுக்கு வரவே வேண்டாம். எனக்கு அவ சுண்டுவிரல் ஆடுனாக்கூடப் போதுமுங்க.

அந்த மிஷினப் பத்திச் சொல்லீர்றேன், இல்லீன்னா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது. கைல புடிக்கறதுங்க. இஸ்திரிப் பொட்டி மாதிரி கைப்பிடி வெச்சு, கொஞ்சம் லேசா இருக்கும். முன்னால செவப்பா லேசர் வெளிச்சம் கோடு கோடா விழும். ஒரு பொருள் மேல அந்தக் கோடு எப்படி வளைஞ்சு விழுகுதுன்னு ரெண்டு கேமரா பாத்து, மேடு எவ்வளவு, பள்ளம் எவ்வளவுன்னு கணக்குப் பண்ணிரும். நம்ம அத மெதுவா நகர்த்திட்டே சுத்தி வரோணும். கை நகர்றது தப்பில்லீங்க, எப்படி நகருதுன்னு அதுக்குத் தெரியோணும், அவ்வளவுதான். அதுக்குன்னு பொட்டு ஒட்டறது. நெத்திக்கு வெக்கற சைசுல பொட்டு. காலுக்கு ஒரு வெள்ளை ஒறை மாட்டி அதுமேல கொஞ்சம் பொட்டு, காலுக்கடியில வெக்கற பலகை மேல கொஞ்சம் பொட்டு. அதுகளப் பாத்துப் பாத்துத்தான் மிஷின் தன் எடத்தத் தெரிஞ்சுக்கும்.

ஆனா திடீர்னு வெடுக்குனு ஒரு ஆட்டம் வந்துச்சுன்னா, ஒரு கோடு விழுந்து முடியறதுக்குள்ளயே எடம் மாறிப்போயிரும். அப்பக் கோடு கோணிக்கும். இப்ப இதே பஸ்ஸுல இருந்து போன்ல வெளிய ஒரு கரண்டு கம்பத்தப் போட்டோ எடுங்க. கம்பம் சாஞ்ச மாதிரி விழுகும். கம்பமா சாஞ்சுச்சு? நம்மதான் ஓடிட்டிருக்கறோம். இத நான் புதுசா வர்ற எல்லாத்துக்கும் சொல்லுவேனுங்க, ஜெனிட்டாவுக்கே நான்தான் சொல்லிக்குடுத்தேன். போட்டோ கோணலா இருக்குதுன்னு போய்க் கம்பத்த நிமுத்தக் கூடாது அம்மிணி, யாரு நகர்ந்தாங்கன்னு மொதல்ல பாக்கோணும்னு.

அப்படிக் கோணுனதச் சரி பண்றதுக்குக் கம்ப்யூட்டர்ல வழி இருக்குதுங்க. ஒரு கேள்வி கேக்கும். அசைஞ்சது யாரு, நோயாளியா, கருவி புடிச்சவரா? ரெண்டு கட்டம். எதுல டிக் போடறமோ அதுக்குத் தக்கன கோடு எல்லாத்தையும் இழுத்து நேர் பண்ணிக் குடுக்கும். மாத்திப் போட்டுட்டா நேரா இருக்கற எடத்தையும் சேத்து இழுத்து வெச்சிரும். பாத்தாத் தெரியாது. வழவழன்னு அழகாத்தான் இருக்கும். அளவு மட்டும் தப்பா இருக்கும்.

மொதல்ல நான் பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரில இருந்தேனுங்க. பம்புக்கு வார்ப்பு ஊத்தறவங்க. வார்ப்பு அளவு சரியான்னு பாக்கறது என் வேலை. அங்க வாங்குனதுதான் இந்த மிஷின் பழக்கம். வார்ப்புக்கு என்னங்க, வெச்ச எடத்துல கெடக்கும். இருமாது, தும்மாது, “இன்னும் எவ்வளவு நேரமுங்க”ன்னு கேக்காது. பவுண்டரியவே வேற ஊருக்கு மாத்திட்டாங்க, நான் இங்க வந்து சேந்தேன். இங்க மனுசங்க காலு. மனுசன் சும்மா இருப்பானுங்களா? எனக்குன்னு வந்து வாய்ச்சதெல்லாம் ஆடற கேசுங்க. ஒருத்தர் மூட்டை தூக்கறவர், பாறையாட்டம் உக்காந்திருந்தார், பாத்தாப் படமெல்லாம் அலை அலையா வருது. இன்னொருத்தங்க டீச்சர். அவங்களும் ஆடிப்போட்டாங்க. ரெண்டுக்கும் நோயாளி அசைந்தார்னு டிக் போட்டேன். அந்த டீச்சர், “நான் அசையவே இல்லீங்க சார்”னு சண்டைக்கு வந்துட்டாங்க. அசையறவனுக்குத் தான் அசையறது தெரியாதுங்க. அதான் இதுல இருக்கற சங்கடம்.

எங்க இன்சார்ஜுக்கு அது கண்ணுல விழுந்திருச்சு. கூப்பிட்டு, “சிகாமணி, உங்ககிட்ட வர்றவங்க மட்டும் எப்படிங்க எல்லாரும் அசையறாங்க?”ன்னாரு. கருவி புடிச்சவர் பேர்ல டிக் விழுந்தா மறுபடியும் முழுசா அளவெடுக்கோணும், அது புடிச்சவன் கணக்குல ஏறும். இனி அப்படி ஒண்ணு உங்க கணக்குல ஏறுச்சுன்னா மிஷின ஜெனிட்டாகிட்டக் குடுத்திருங்கன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வீட்டுக்குப் போய் துளசிமணிகிட்டக் கத்துனேன். அவகிட்டத்தான எல்லாத்தையும் கொட்டுவேன். அந்த மிஷின விட்டா எனக்கென்ன இருக்குதுன்னு கத்துனேன். அவ சோறு போட்டுட்டே கேட்டுட்டிருந்தா.

அப்ப அவளுக்குக் காலு எடுத்தாச்சுங்க. சக்கரை. பெருவிரல்ல ஒரு சின்னக் கொப்புளம், அது பாதத்துக்கு ஏறி, கார்த்திகை மாசம் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. எங்க பொண்ணு ஓசூர்ல இருக்குது, வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போச்சு. அப்புறம் இவளே வாக்கர வெச்சுட்டு எல்லா வேலையும் பண்ணுனா. நான் செய்யறேன்னா விட மாட்டா. முக்கியமா எதையும் ஊத்த விட மாட்டா. சாம்பாரக்கூட அவதான் வந்து ஊத்துவா. அவளுக்குச் சிக்கனம் வேற தலைக்கேறிக்கிச்சுங்க. காப்பி குடுத்தா அர டம்ளர்தான் குடுப்பா. அதக் குடிச்சு முடிச்சா இன்னொரு அர டம்ளர். “ஏண்டி, ஒரே தடவ நெறையாக் குடுத்தாக் கையா தேஞ்சு போயிரும்?”னு வைவேன். “சூடா இருக்கட்டும்னுதானுங்க”ன்னு சொல்லுவா. பொம்பளைங்க கூத்து. தீவாளிக்குச் சட்டை எடுத்தா, எனக்கு எல்லாமே பட்டன் இல்லாத பனியன் சட்டை. இந்த வயசுல காலேஜ் பையனாட்டம். இதா, இன்னிக்கும் அதுதானுங்க போட்டிருக்கறேன். பழகிருச்சு.

பொண்ணுகிட்டயும் போன்ல என்னத்தையோ சொல்லியிருக்கறா. அது இப்பவும் வாரா வாரம் கேக்குது, “அப்பா, நரம்பு டாக்டரப் பாத்தீங்களா?”ன்னு. பொண்டாட்டி போன துக்கத்துக்கு நரம்பு டாக்டர் என்னங்க பண்ணுவாரு?

மாசி மாசம் புண்ணு நல்லா ஆறீருச்சு. அவளுக்குக் கால் அளவெடுக்கற நாள் வந்துச்சு. ஜெனிட்டா, “ஆண்ட்டிக்கு நான் எடுக்கட்டுங்களா அங்கிள்?”னு கேட்டுது. எப்படி விடுவேனுங்க? ஊர்ல இருக்கறவங்க காலுக்கெல்லாம் அளவெடுத்துட்டு, கட்டுனவ காலுக்கு இன்னொரு ஆளா எடுக்கறது? அன்னிக்குக் காத்தால குளிச்சு, சாமி கும்புட்டுட்டு, நான்தான் மிஷின எடுத்தேன்.

அவ பெஞ்சு மேல உக்காந்திருந்தா. நானே அவளுக்கு ஒறை மாட்டிவிட்டேன். பொட்டு ஒட்டுறப்ப ஒண்ணு ரெண்டு கீழ விழுந்துச்சு, அவளே எடுத்து எடுத்துக் குடுத்தா. “அசையாத. நான் சொல்ற வரைக்கும் அசையாத”ன்னேன். “செரிங்க”ன்னா. நாலு நிமிசம், அஞ்சு சுத்து. சுவிட்ச விடாம எடுத்தேன். முடிச்சுட்டு ஸ்கிரீனப் பாத்தா, அய்யோ, முன்னெலும்பு இருக்கற எடம் பூராத் தகரச் சீட்டாட்டம் அலை அலையா இருக்குதுங்க. ஜெனிட்டா பின்னால நின்னு பாத்துட்டிருக்குது. இன்சார்ஜ் ரூம் கதவு தொறந்திருக்குது.

“அசைஞ்சியா?”ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன்.

அவ என் மூஞ்சியப் பாத்தா. கையப் பாத்தா. மறுபடியும் மூஞ்சியப் பாத்தா. “ஆமாங்க, நான்தான் அசைஞ்சுட்டேன். குளுந்துச்சு”ன்னா.

மாசி மாசத்து உச்சிப் பொழுது, அந்த ரூம்ல பேன்கூட ஓடல. இருந்தாலும் அவளுக்கு அப்படித்தான், எப்பக் குளுரும் எப்ப வேக்கும்னு சொல்ல முடியாது. ஜெனிட்டா முன்னால வந்து, “ஆண்ட்டி, நீங்க அசைஞ்ச மாதிரியே தெரியலையே. இன்னொருக்கா எடுத்துரலாம், ரெண்டே நிமிசம், நானே எடுத்தர்றேன்”னுது. இவ அந்தப் பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டு, “வேண்டாங் கண்ணு, நான்தான் அசைஞ்சேன். அவிங்க சரியாத்தான் புடிச்சாங்க”ன்னா. ஒண்ணுக்கு மூணு தடவ சொன்னா. இன்சார்ஜுக்குக் கேக்கற மாதிரியே சொன்னா.

அப்புறம் என்னங்க, டிக் போட்டேன். நோயாளி அசைந்தார். கம்ப்யூட்டர் இழுத்து நேர் பண்ணிக் குடுத்துச்சு. வழவழன்னு வந்துச்சு. பேப்பர் எடுத்துக் கீழ நான் ஒரு கையெழுத்து, பக்கத்துல நோயாளி கையெழுத்து. அவ துளசிமணின்னு முத்து முத்தா எழுதுவா. என் கையெழுத்தப் பாத்துட்டு, “அவசரத்துல போட்டிருக்கறாங்க”ன்னு ஜெனிட்டாகிட்டச் சிரிச்சா. எனக்கு மனசு லேசாயிருச்சுங்க. உண்மையச் சொல்றேன், அவ அசைஞ்சதுல எனக்கு அன்னிக்கு அவ்வளவு நிம்மதி.

பங்குனில கால் வந்துச்சு. ரெண்டு கம்பிக்கு நடுவுல நிக்க வெச்சு நடக்கச் சொன்னாங்க. மாட்டிவிட்டவர், “எங்கயாச்சும் குத்துதுங்களா? அழுத்துதுங்களா?”ன்னு கேக்கறாரு. அவ அவருக்குப் பதில் சொல்லாம நான் எங்க நிக்கறேன்னு தேடுனா. என்னையப் பாத்துட்டு, “எல்லாம் சுகமா இருக்குதுங்க, அளவு கச்சிதமா இருக்குது”ன்னா. நான் அங்க இருந்த அத்தன பேர் மூஞ்சியவும் ஒரு சுத்துப் பாத்தேனுங்க. இன்சார்ஜ் தோள்ல தட்டிக் குடுத்தாரு.

ரெண்டு மாசம் அதப் போட்டுட்டு நடந்தா. கடைக்குப் போனா, கோயிலுக்குப் போனா. யாரு கேட்டாலும், “எங்கூட்டுக்காரரு அளவெடுத்தது”ன்னு சொல்லுவா. சாயங்காலம் கழட்டறப்ப மட்டும் கதவச் சாத்திக்குவா. நான் பாக்கறேன்னா, “நாளெல்லாம் அங்க அறுந்த காலாப் பாத்துட்டு வர்றீங்க, இங்கயும் பாக்கோணுமா?”ன்னு கேலி பண்ணித் தொரத்தி விட்டிருவா. பஞ்சு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருதுன்னு நான் கேக்கலீங்க. கேட்டிருக்கோணும். வீட்டுல பஞ்சு வாங்கறவன் நான்தான், கேட்டிருக்கோணும். அந்தச் செயற்கைக் கால் எலும்பு மேல மூணு மில்லி தப்பா இறுக்கியிருக்குதுங்க. மூணு மில்லின்னா என்ன, ரெண்டு ஒத்தை ரூவாய அடுக்கி வெச்ச கனம். சக்கரைக் காலுக்கு அது போதும்.

காய்ச்சல் வந்து தூக்கிட்டுப் போனப்ப ஒறையக் கழட்டுனாங்க, அப்பத்தான் பாத்தேன். அத நான் சொல்ல மாட்டேனுங்க. சீழு ரத்தத்துல கலந்திருச்சுன்னாங்க. நாலு நாள்.

கோயில்பாளையம் வந்திருச்சுங்களா? இல்ல, நீங்க உக்காருங்க, எறங்கறவங்க எறங்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணு காத்துக்குத் தண்ணி விடுது.

ஒரு மாசம் வீட்டுல கெடந்துட்டு வேலைக்குப் போனேன். போனா, டோக்கன் குடுக்கற எடத்துல உக்காரச் சொல்லிட்டாங்க. மனசு ஒடிஞ்ச ஆளு, கொஞ்ச நாளைக்கு ஓய்வா இருக்கட்டும்னு பாவம் பாக்கறாங்க போல. யாரும் வெளிய சொல்லல. டோக்கன் குடுத்துட்டு உக்காந்திருக்கறப்பத்தான் இந்த நெனப்பு வந்துச்சுங்க. அவ அசைஞ்சது அந்தப் பைலுக்குள்ள இருக்குதே, கம்ப்யூட்டர் நேர் பண்றதுக்கு முன்னாடி இருந்தது அப்படியே இருக்குமே, அதப் பாக்கலாமேன்னு. ஜெனிட்டாகிட்டக் கேட்டேன். அது தலையக் குனிஞ்சுட்டு, “எதுக்குங்க அங்கிள், வேண்டாங்க”ன்னுது. நான் விடல. ஒரு வாரம் பின்னாலயே போனேன். இன்னிக்குச் சனிக்கெழமை, மத்தியானத்தோட வேலை முடிஞ்சுது, எல்லாரும் போனப்புறம் தொறந்து காட்டுச்சு.

ரெண்டு கோடு போட்டுக் காட்டுச்சுங்க. கால் மேல ஒட்டுன பொட்டு எவ்வளவு அசைஞ்சுதுங்கறது ஒரு கோடு, செவப்பு. மிஷின் எவ்வளவு ஆடுச்சுங்கறது ஒரு கோடு, நீலம். நீலம் மேலயும் கீழயும் ரம்பப் பல்லாட்டம் போகுது. செவப்பு நேரா ஒரே கோடு. ஸ்கேல் வெச்சு இழுத்தாப்ல.

“இதுல எங்கம்மிணி அவ?”ன்னு கேட்டேன்.

“அந்த நேர்கோடுதானுங்க அங்கிள்”னுது.

இருக்காதுன்னேன். உசுருள்ள மனுசிங்க அது, வார்ப்பு இல்ல. கோடு அப்படி நேராப் போகுமா? மூச்சு விட்டாலே ஆடுமே! மிஷின்ல கோளாறுன்னேன். அப்பத்தானுங்க அது அந்தச் செவப்புக் கோட்டப் பெருசு பண்ணிக் காட்டுச்சு. நாலு நிமிசத்துல நாலு எடத்துல மட்டும் சின்னதா ஒரு மேடு. நான் ஒரு சுத்து முடிச்சு, மிஷினத் தாழ்த்தி, அடுத்த பக்கத்துக்கு மாறுவேன்ல, அந்த நேரம். “ஆண்ட்டி மூச்சப் புடிச்சுட்டு இருந்திருக்காங்க அங்கிள். நீங்க கருவியத் தாழ்த்தறப்ப மட்டும்தான் விட்டிருக்காங்க”ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு அழுகுதுங்க. ஒவ்வொரு சுத்தும் முக்கா நிமிசம். நீங்க புடிச்சுப் பாருங்க இப்ப. முக்கா நிமிசம் மூச்சப் புடிச்சுப் பாருங்க. அந்த ஒடம்ப வெச்சுட்டு அஞ்சு தடவ புடிச்சிருக்கறாளுங்க.

நான் இன்சார்ஜுக்குப் போன் போட்டேன். அந்தப் பேப்பர மாத்தோணுங்க சார்னேன். ஆளே போயாச்சு, இப்ப எதுக்குங்க சிகாமணின்னாரு. அவ பேர்ல ஒரு தப்பு எழுதி வெச்சிருக்குதுங்க, அத எடுக்கோணும்னேன். செரி, செய்யுங்கன்னாரு. புதுப் பேப்பர் ஜெனிட்டா எடுத்துக் குடுத்துச்சு. அவ கட்டத்துல டிக் போடலீன்னா இன்னொரு கட்டத்துல போட்டாத்தான் ஆகும். அதுல இருக்கறது ரெண்டே கட்டம்தானுங்க, மூணாவது கெடையாது. அதனால போட்டேன். கருவி புடிச்சவர் அசைந்தார். போடறப்ப ஜெனிட்டா பேப்பர ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சுக்கிச்சு, காத்துக்குப் பறக்குதுன்னு. ஜன்னல் சாத்தித்தான் இருந்துச்சு. டிக்கு கட்டத்த விட்டு வெளிய போயிருச்சு, பரவாயில்லீங்கன்னுது. நோயாளி கையெழுத்துப் போடற எடத்துல அதுவே ஒரு கோடு இழுத்துவிட்டுது.

அவ அசையலீங்க. அத ஒத்துக்கறேன். என் கண்ணால பாத்துட்டேன், அவ அசையவே இல்ல. எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க படிச்சவராட்டம் தெரியறீங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. அசையாதவ எதுக்குங்க அசைஞ்சேன்னு சொல்லோணும்? அன்னிக்கே இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மறுபடியும் அளவெடுத்திருப்பேனே. ஜெனிட்டா எடுத்திருக்குமே. ரெண்டு நிமிச வேலைங்க. இன்னிக்கு அவ வீட்டுல எனக்கு அர டம்ளர் காப்பி ஊத்திட்டு இருந்திருப்பாளே!

நீங்க ஏனுங்க என் கையையே பாக்கறீங்க? கம்பியப் புடிச்சுக்கறேன், இருங்க.

அன்னூர் வந்திருச்சு போல. எறங்கறேனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லீர்றேன், யார்கிட்டயும் இத நான் சொல்லல. பொண்ணுகிட்டக்கூடச் சொல்லல. ஆஸ்பத்திரில மூணாம் நாள், டாக்டர் வந்து அளவு தப்பா இருந்து எலும்புல அழுத்தியிருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குப் பயமுங்க. பயம் வந்தா எனக்குக் கோவமாத்தான் வரும். படுத்துக் கெடக்கறவகிட்டப் போய் நின்னுட்டு, “அசையாத அசையாதன்னு எத்தன தடவ சொன்னேன்? நாலு நிமிசம் உன்னால சும்மா இருக்க முடியலியா? இப்ப யாரு படறது?”ன்னு வஞ்சுட்டேன். பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அவ கண்ணத் தொறந்தா. என் ரெண்டு கையையும் இழுத்து, அவ கைக்குள்ள வெச்சு இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. குளுரும் போலன்னு நெனச்சேன். “ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவ அசையாம இருக்கறேனுங்க”ன்னா.

அதுக்கப்புறம் அவ பேசவே இல்லீங்க.